யார் யாரை அழைத்துப் போகிறார்கள்?

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நகரத்தின் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். முன்னே ஒரு நாய். அதன் பின்னால் விறைப்பாக ஒரு கயிறு. கயிற்றின் கோடியில், ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் தன் மானத்தையும் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத் தலைவி! விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால், நாய்தான் அந்த அம்மாளைக் காற்று வாங்க அழைத்துப் போகிறது என்று நினைப்பார்கள். பல வீடுகளில் அதுதான் வாஸ்தவமும்.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் இதன் முடிவு அவ்வளவு வேடிக்கையாக இருப்பதில்லை. 25, 30 கிலோ எடையுள்ள ஒரு லாப்ரடார், பூனையைக் கண்டு திடீரென்று பாய்ந்தால் கயிற்றைப் பிடித்திருப்பவர் நிலைகுலைந்து விழுவார். மணிக்கட்டு முறியலாம், வயதானவர்களுக்கு இடுப்பெலும்புகூட முறியலாம். அப்படி ஒன்றும் ஆகாமல் முழங்கால் சிராய்ப்போடு தப்பினாலும், அன்று இரவே வீட்டில் ஒரு சம்பாஷணை நடக்கும்.

"என்னங்க, இனிமேல் இதை என்னால் வெளியே அழைத்துப் போக முடியாது."

"எனக்கு மட்டும் நேரம் எங்கே இருக்கிறது? மாடியில் கட்டிப் போடு, போதும்."

அவ்வளவுதான். நாய் மொட்டைமாடிக்குப் போகிறது. வெளியுலகத்தையே பார்க்காத நாய்க்கு, அபூர்வமாக ஒரு நாள் தெருவில் இறங்கினால், கண்ணில் பட்டதெல்லாம் திருவிழாவாக இருக்கிறது. முன்னைவிடப் பலமாக இழுக்கிறது. மறுபடியும் மாடி. அங்கே நாள் முழுவதும் குரைப்பு. அண்டை வீட்டார் புகார். கடைசியில், "நல்ல இடமாக இருந்தால் சொல்லுங்களேன், கொடுத்துவிடுகிறோம்" என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைக்கிறார்கள். குட்டியாக வந்தபோது மடியில் போட்டுச் சீராட்டிய அதே வீட்டார்தான்! ஆகவே கயிற்றில் நிதானமாக நடப்பது என்பது நாய்க்குக் கற்பிக்கும் வெறும் நாகரிகம் அல்ல. அந்த நாய் நம் வீட்டிலேயே இருக்குமா, இராதா என்பதே பல சமயம் இதில்தான் இருக்கிறது.

முதலில், நாய் ஏன் இழுக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

நாலு கால் பிராணியின் இயற்கையான நடை, புடவை கட்டிய நம் நடையைவிட வேகமானது. இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் மூக்கு. வாசனையை உணரும் உயிரணுக்கள் மனிதருக்குச் சுமார் 50 லட்சம் என்றால், நாய்க்கு அதன் ஜாதியைப் பொறுத்து 10 கோடி முதல் 30 கோடி வரை இருக்கின்றன. நமக்கு வெறும் விளக்குக் கம்பமாகத் தெரிவது, நாய்க்கு அன்றைய தினசரிப் பத்திரிகை! காலையில் யார் வந்தார்கள், ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் போனார்கள் என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. திருவிழாவுக்கு முதல் தடவையாக வந்த குழந்தை, பலூனைப் பார்த்து ஒரு பக்கமும் ராட்டினத்தைப் பார்த்து மறு பக்கமுமாக அம்மாவின் கையை இழுக்கிறதே, அதற்குப் பெயர் கீழ்ப்படியாமையா? ஆசை! நாய்க்கும் அப்படித்தான்.

மூன்றாவது, பரம்பரை. பீகிள் என்ற நீண்ட காது நாய், இங்கிலாந்தில் முயலின் வாசனையைப் பிடித்துத் தொடர்வதற்கென்றே வளர்க்கப்பட்ட ஜாதி. மூக்கு தரையில் பட்டுவிட்டால் காது கேட்காது. நம் ஊர்ச் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். தூரத்தில் ஓர் அணில் வாலை ஆட்டினால் போதும், உடம்பெல்லாம் வில்லாக வளையும். 2005-ம் ஆண்டில் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்றில் இடம் பெற்ற ராஜபாளையமும் வேட்டைக்குப் பெயர் போனதுதான். தலைமுறை தலைமுறையாக, 'ஓடுவதைப் பார்த்தால் துரத்து' என்று பழக்கிவிட்டு, இன்று அடுக்கு மாடி வீட்டில் வைத்துக்கொண்டு, 'அணிலைப் பார்க்காதே' என்றால் அது என்ன செய்யும், பாவம்!

இந்த மூன்றும் நாயின் காரணங்கள். நாலாவது காரணம் நாம்தான்.

1898-ம் ஆண்டில் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க அறிஞர், பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே ஆகாரத்தை வைத்து நடத்திய ஆராய்ச்சியைப் பிரசுரித்தார். பூனை முதலில் கண்டபடி பிறாண்டும், தற்செயலாக உள்ளே இருந்த கண்ணியை இழுக்கும், கதவு திறக்கும். அடுத்த தடவைகளில் பிறாண்டல் குறைந்து, நேரே கண்ணியிடம் போகும். எந்தக் காரியத்துக்குப் பலன் கிடைக்கிறதோ, அந்தக் காரியத்தைப் பிராணி மறுபடியும் செய்யும் என்பது இதிலிருந்து அவர் கண்ட விதி. நம் வீட்டு நாய்க்கும் இதே விதிதான். கம்பத்தை நோக்கி அது இழுக்கிறது, நாம் "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போகிறோம், கம்பம் கிடைத்துவிடுகிறது. வாய் 'இரு' என்கிறது. கால் 'இழு' என்கிறது. நாய் காலைத்தான் நம்பும்.

ஆகவே, இந்த வித்தையின் சாரம் ஒரே வரியில் அடங்கும்: கயிறு விறைத்தால் ஒரு அடிகூட முன்னால் கிடையாது, கயிறு தளர்ந்தால் தெரு முழுவதும் அதற்கே. மற்றதெல்லாம் இதைச் சாவகாசமாகப் புரியவைக்கும் வழிகள்.

முதலில் சாமான்கள். சுமார் 6 அடி நீளமுள்ள, துணி நாடாவால் ஆன சாதாரணக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டாம். இழுத்தால் இடம் கிடைக்கும் என்று அதுவே பாடம் சொல்லிக் கொடுத்துவிடும். இரும்புச் சங்கிலி கையை அறுக்கும். கழுத்தை இறுக்கும் சங்கிலியும், உட்புறம் முள் வைத்த பட்டையும் கூடவே கூடாது. அவை வலியைத்தான் கற்பிக்கும். எதிரே ஒரு குழந்தை வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், குழந்தை என்றாலே வலி என்று நாய் கணக்குப் போடும். அதன் விளைவு உறுமலில் முடியலாம். இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி அணியும் பட்டை நல்லது. கடையில் 'ஹார்னெஸ்' என்று கேளுங்கள். மார்பின் முன்புறம் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், நாய் முன்னே பாயும்போது பட்டை அதை நம் பக்கம் திருப்பிவிடும்.

கயிற்றைக் கையில் நாலு சுற்று சுற்றிக்கொள்ளும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விரல் எலும்பு முறிவதற்கு அது ஒன்றே போதும். கைப்பிடியை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து, மற்றக் கையால் கயிற்றின் நடுப்பாகத்தைத் தாங்கிக்கொண்டால் சரி. காலில் வழுக்காத செருப்பு. கைபேசி வீட்டில்.

அடுத்தது கூலி. ஆம், கூலிதான்! நாம் மட்டும் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறோமா என்ன? (சமையலறை விஷயத்தை இங்கே கிளப்ப வேண்டாம்.) வேக வைத்த கோழி இறைச்சி, உப்பில்லாத பன்னீர், வேக வைத்த முட்டை, காரட் - இவற்றில் ஒன்றைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் முடிந்துகொள்ளுங்கள். இதற்கு ஈடாக அன்றைய சாப்பாட்டில் கொஞ்சம் குறைத்துவிடலாம். சாக்லெட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், பூண்டு இவை நாய்க்கு விஷம். தவறிக்கூடக் கொடுக்கக் கூடாது.

முதல் பாடம் தெருவில் அல்ல, கூடத்தில். நாயின் பெயரை ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்த அந்தக் கணமே "சபாஷ்!" என்று சொல்லி, ஒரு துண்டு கொடுங்கள். கணமே என்பது முக்கியம். இரண்டு வினாடி தாமதித்தால், அது பார்த்ததற்கா, வாலை ஆட்டியதற்கா, எதற்குக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது. இப்படிப் பத்துத் தடவை. காலையில் மூன்று நிமிஷம், மாலையில் மூன்று நிமிஷம். அநேகம் வீடுகளில் நாயின் பெயர் திட்டுவதற்கு மட்டுமே உபயோகமாகிறது. "டைகர்! டைகர்! டேய் டைகர்!" என்று நாள் பூராவும் ஏலம் போட்டால் எந்த டைகர் திரும்பிப் பார்க்கும்?

இரண்டாவது பாடமும் வீட்டுக்குள்தான். கயிற்றைக் கையில் எடுத்ததும் நாய் குதித்துக் கூத்தாடினால், ஒன்றும் பேசாமல் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அடங்கியதும் மறுபடி எடுங்கள். நாலு கால்களும் தரையில் இருந்தால்தான் கயிறு கழுத்துக்கு வரும் என்று சில நாட்களில் புரிந்துகொண்டுவிடும். ஆர்ப்பாட்டத்தோடு வாசல்படி தாண்டிய நாய், தெருக்கோடி வரை ஆர்ப்பாட்டத்தோடுதான் போகும்.

கயிறு மாட்டியபின் கூடத்திலேயே நடை. கயிறு நடுவில் தூளி போலத் தொங்க வேண்டும், அதுதான் அளவு. நாய் உங்கள் காலோரமாக வரும் ஒவ்வோர் இரண்டு மூன்று அடிக்கும் ஒரு துண்டு கொடுங்கள். அதை உங்கள் புடவைக் கொசுவத்தின் ஓரமாகக் கையைத் தாழ்த்திக் கொடுக்க வேண்டும். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாயும் முன்னால்தான் நிற்கும். எந்த இடத்தில் கூலி கிடைக்கிறதோ, அந்த இடத்தில்தான் ஆள் நிற்பான்.

தூளி நிமிர்ந்து கயிறு விறைத்ததா? நின்றுவிடுங்கள். மரம் போல. திட்டவும் வேண்டாம், வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்க்கும், அல்லது ஓர் அடி பின்னே வரும். தூளி தொங்கியதும் புறப்படுங்கள். சில நாய்கள் நின்ற இடத்திலேயே பிடிவாதம் பிடிக்கும். அப்போது வந்த வழியே சாவதானமாகத் திரும்பி நாலு அடி நடந்துவிட்டு, நாய் கூட வந்ததும் மறுபடி முன்னே போகலாம்.

கூடத்தில் தேறியவன் மொட்டைமாடிக்கு. மாடியில் தேறியவன் வாசலுக்கு. வாசலில் தேறியவன், சந்தடி இல்லாத காலை நேரத்தில் தெருவுக்கு. ஒவ்வொரு வகுப்பிலும் பாடம் கொஞ்சம் மறந்து போகும். அதனால் மேல் வகுப்புக்குப் போகும் முதல் நாளில் கூலியை அதிகப்படுத்துங்கள். முதல் வாரத்தில் பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு வாசலைக்கூட எட்டாமல் திரும்புவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நடந்த தூரம் கணக்கல்ல. தளர்ந்த கயிறுதான் கணக்கு.

இனி, கவனம் சிதறும் நாய்க்கு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அது தூரம். பூனையோ, பந்தோ, வேறு நாயோ எதிர்ப்பட்டதும், "பார்க்காதே" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். பார்க்கட்டும். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கட்டும். எவ்வளவு தூரம் என்று நாயே சொல்லும். ஒரு துண்டை மூக்கருகே நீட்டுங்கள். வாங்கித் தின்றால் சரியான தூரம். கோழித் துண்டைக்கூடக் கவனிக்காமல் வெறித்துக்கொண்டிருந்தால், மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த உபதேசமும் காதில் ஏறாது. ஒன்றும் பேசாமல் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பத்து இருபது அடி விலகிப் போங்கள். அங்கிருந்து பூனையை ஒரு பார்வை பார்க்கட்டும். உடனே பெயரைச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்ததும் கூலி. பூனை, அம்மா, கூலி. பூனை, அம்மா, கூலி. நாளடைவில், பெயர் சொல்லாமலே, பூனையைக் கண்டதும் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு பார்வை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு வாரத்துக்குச் சில அடியாக நெருங்கலாம்.

இதற்காக மோப்பத்தை அடியோடு தடுக்கவும் கூடாது. 2019-ம் ஆண்டில் சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தின்பண்டம் தேடும் பயிற்சி. வேறு சிலவற்றுக்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, தின்பண்டம் இருக்குமோ இராதோ என்று சந்தேகப்படும்படியான இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பம் பிடித்துப் பழகிய நாய்கள் முன்னைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. நம்பிக்கையுள்ள மனசு! ஆகவே மோப்பத்தையே கூலியாக்கிவிடுங்கள். இருபது அடி தூளிக் கயிற்றோடு நடந்தால், "போ, மோந்து பார்" என்று சொல்லி, கம்பத்தருகே நீங்களே அழைத்துப் போங்கள். ஒரு நிமிஷம் ஆசை தீரப் பத்திரிகை படிக்கட்டும். இழுத்துப் பெற்றதை இப்போது நடந்து பெறுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் ஊர்த் தெருக்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தெருவுக்குச் சொந்தக்கார நாய்கள் படுத்திருக்கும். பழக்கும் நாட்களில் அவை படுக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டு வேறு வழியாகப் போவதே உத்தமம். எதிர்ப்பட்டுவிட்டால் ஓடக் கூடாது. கல்லை எடுக்கக் கூடாது. சின்ன நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் அவை மேலே தாவலாம். நிறுத்தியிருக்கும் வண்டிகளை மறைவாக வைத்துக்கொண்டு, வளைந்து விலகிப் போய்விடுங்கள். உங்கள் நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். எந்த நாயின் பல்லோ நகமோ யார்மேல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவி, அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தியம் அல்ல.

வெயில் காலத்தில் தார் ரோட்டின்மேல் புறங்கையை ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. விடியற்காலையும், தரை ஆறிய இரவும்தான் அப்போது உகந்த நேரம். நன்றாக நடந்துவந்த நாய் திடீரென்று அடம் பிடித்தால், நகம், பாதம், காது இவற்றைப் பார்த்துவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வலியைப் பிடிவாதம் என்று எண்ணி அடித்துவிடக் கூடாது.

கடைசியாக, நாயைவிடப் பழக்கக் கடினமான பிராணிகள் வீட்டில் சிலர் உண்டு. நீங்கள் ஒரு மாதம் பாடுபட்டுத் தூளிக் கயிற்றைக் கொண்டுவந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பேப்பர் வாங்கப் புறப்படுவார். "வா ராஜா" என்று கூட்டிக்கொண்டு, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்விட்டு வருவார். பையனோ நாய் இழுக்க இழுக்கப் பின்னால் ஓடுவதையே விளையாட்டாக வைத்துக்கொள்வான். இது சின்ன விஷயம் அல்ல. எப்போதாவது ஒரு தரம் பலன் தரும் பழக்கம்தான் எல்லாவற்றையும்விடக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்கின்னர் என்ற உளநூல் அறிஞர் காட்டியிருக்கிறார். ஒன்பது தடவை 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் பத்தாவது தடவை மிட்டாய் வாங்கிக் கொடுத்தால், குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது? பத்துத் தடவை அழ வேண்டும் என்பதை! ஆகையால் தாத்தா முதல் பேரன் வரை எல்லாரையும் உட்கார வைத்து, கயிறு விறைத்தால் நிற்க வேண்டும் என்ற சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் கையில் கயிறு கிடையாது.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். நாய்க்கு நாய் வித்தியாசப்படும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உள்ள காளைப் பருவத்தில் படித்ததெல்லாம் மறந்தது போல நடிக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிஷம் தவறாமல் செலவழித்தால், சில வாரங்களில் வித்தியாசம் உங்கள் தோள்பட்டைக்கே தெரியும்.

இன்று குழம்புக்குக் காரட் நறுக்கும்போதே, உப்புப் போடுவதற்கு முன் நாலு துண்டைத் தனியாக எடுத்து வேக வைத்துக்கொள்ளுங்கள். சமையல் முடிந்ததும் கூடத்தில் நின்று பெயரை ஒரே ஒரு தரம் கூப்பிடுங்கள். தெருவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.